போனேன், போயிருக்கிறேன், போயிருந்தேன்: ஆங்கிலத்தில் எதைத் தேர்வது?

‘போன திங்கட்கிழமையே விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.’ தமிழில் இந்த வரியை எழுத யாரும் அரை நொடிகூட யோசிப்பதில்லை. இதையே ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக எழுத உட்காரும்போது விரல் நின்றுவிடுகிறது. ‘ஐ சென்ட்’ என்பதா, ‘ஐ ஹேவ் சென்ட்’ என்பதா, ‘ஐ ஹேட் சென்ட்’ என்பதா? மூன்றும் இலக்கணப் புத்தகத்தில் இருக்கின்றன, மூன்றும் அன்றாடம் காதில் விழுகின்றன, மூன்றுக்கும் ‘அனுப்பினேன்’ என்ற பொருள் வருவதுபோலவும் தோன்றுகிறது. தமிழ் வழியில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பது, பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும் பழக்கத்தில் நான் கண்டது. எதிர்காலத்தில் அவர்கள் அவ்வளவாகத் தவறுவதில்லை. முடிந்துபோன செயலைச் சொல்வதில்தான் சிக்கல்.

பள்ளியில் மனப்பாடம் செய்த அட்டவணை இங்கே கைகொடுப்பதில்லை. மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம், ஆக 12 கட்டங்கள் என்று அது வினையின் உருவத்தைச் சொல்லும். எந்தக் கட்டத்தை எப்போது எடுப்பது என்பதைச் சொல்லாது. மொழியியலாளர் பலர் ஆங்கில வினைச்சொல்லின் உருவிலேயே தெரியும் காலம் இறந்தகாலம், இறந்தகாலம் அல்லாதது என இரண்டே என்பார்கள். ‘ஹேவ்’, ‘இங்’ போன்றவை செயல் எப்போது நடந்தது என்பதைக் காட்டிலும், பேசுகிறவர் அதை எங்கே நின்று பார்க்கிறார் என்பதையே காட்டுகின்றன. தேர்வின் சூட்சுமம் அந்த நிற்குமிடத்தில்தான் இருக்கிறது.

நம் மொழியிலும் அப்படியொரு கருவி உண்டு. ‘போயிருக்கிறேன்’ என்பதைப் பிரித்தால் ‘போய்’ என்ற வினையெச்சமும், ‘இரு’ என்ற துணைவினையும், ‘கிறு’ என்ற நிகழ்கால இடைநிலையும் கிடைக்கும். போய், இப்போது இருக்கிறேன். பார்வைக்கு இது ‘ஐ ஹேவ் கான்’ என்பதன் இரட்டைப் பிள்ளைபோலத் தெரிகிறது. பல இடங்களில் பொருளும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடங்களே வலை.

முதலில் அளவுகோல்கள்

எந்த வடிவத்தையும் எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, செயல் நடந்த காலம் வாக்கியத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா, அந்தக் காலம் முடிந்துவிட்டதா? நேற்று, போன வாரம், 1998இல் ஆகியவை பூட்டிய கதவுகள். இன்று, இந்த வாரம், இதுவரை ஆகியவை திறந்திருக்கும் கதவுகள். நான்கில் மிக வலிமையான கேள்வி இதுதான். பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அந்தச் செயலின் விளைவோ, அதைச் செய்தவரோ, அது மீண்டும் நடக்கும் வாய்ப்போ இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா? மூன்றாவது, அதே பேச்சில் அதற்குப் பின் நடந்த வேறொரு பழைய செயல் இருக்கிறதா? நான்காவது, நாம் சொல்ல வருவது செயல் முடிந்ததையா, அது எவ்வளவு காலமாக நீடிக்கிறது என்பதையா?

இவற்றோடு, பிழையாகத் தேர்ந்தால் படிப்பவர் என்ன நினைத்துக்கொள்வார் என்ற செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். சில பிழைகளை வாசகர் மன்னித்துவிட்டுக் கடந்துபோவார். சில பிழைகள் செய்தியையே மாற்றிவிடும்.

சிம்பிள் பாஸ்ட்: ‘ஐ வென்ட்’

பூட்டிய கதவுக்கு இதுவே சாவி. ‘ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே’, ‘தே சோல்ட் தி ஹவுஸ் இன் 2012’ என, காலம் சொல்லப்பட்டு அது முடிந்தும் விட்டது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. காலத்தை வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் பேசுகிற இருவருக்கும் எந்த நாள், எந்தச் சந்தர்ப்பம் என்று தெரிந்திருந்தால் இதுவே போதும். கதை சொல்லும்போதும் நடந்ததை வரிசையாக விவரிக்கும்போதும் வினைகள் இந்த வடிவத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரும். எது சரி என்று தெரியாமல் தவிக்கும்போது இதை எடுப்பதே குறைந்த ஆபத்துள்ள வழி என்பது என் கருத்து.

ஆனால் இதற்கும் மறைவான செலவு உண்டு. நேர்முகத் தேர்வில் ஒருவர், இப்போது தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பற்றி ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொன்னால், கேட்பவர் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார் என்றே புரிந்துகொள்வார். ஐந்து ஆண்டு என்ற கணக்கு சரிதான். வேலையில் இருக்கிறாரா இல்லையா என்ற செய்தி தலைகீழாகிவிட்டது. தன்விவரக் குறிப்பில் பழைய வேலைகளுக்கு சிம்பிள் பாஸ்டும், இப்போதைய வேலைக்கு நிகழ்கால வடிவங்களும் எழுதுவது இதனால்தான்.

இன்னொரு செலவு நாடு சார்ந்தது. ‘ஐ ஆல்ரெடி ஏட்’, ‘டிட் யூ ஈட் யெட்?’ என்பவை அமெரிக்கப் பேச்சில் இயல்பானவை. பிரிட்டிஷ் மரபில் அந்த இடங்களுக்கு ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’, ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்பதையே முறையானதாகக் கருதுகிறார்கள். படிப்பவர் எந்த மரபினர் என்று தெரியாதபோது ‘ஆல்ரெடி’, ‘யெட்’, ‘ஜஸ்ட்’ ஆகியவற்றோடு ‘ஹேவ்’ போட்டுவிடுவது இரு கரையிலும் செல்லுபடியாகும்.

பிரசென்ட் பர்ஃபெக்ட்: ‘ஐ ஹேவ் கான்’

காலம் சொல்லப்படவில்லை, அல்லது சொல்லப்பட்ட காலம் இன்னும் முடியவில்லை, விளைவும் கண்முன் நிற்கிறது என்றால் இது பொருந்தும். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்பவர் வாசலிலேயே நிற்கிறார். சாவி இன்னும் கிடைக்கவில்லை. ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்பவருக்கு அது கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். வாக்கியம் அதைப் பற்றிப் பேசவில்லை.

இங்கேதான் தமிழ் நம்மை இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளுகிறது. ‘நேற்றே பணம் கட்டியிருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். நம் ‘இருக்கிறேன்’ முடிந்த காலத்தைக் குறிக்கும் சொல்லைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ ஏற்காது. ‘ஐ ஹேவ் பெய்ட் யெஸ்டர்டே’ என்பது தமிழரின் ஆங்கிலத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழைகளில் ஒன்று. ‘யெஸ்டர்டே’ வேண்டுமென்றால் ‘ஹேவ்’ போக வேண்டும். ‘ஹேவ்’ வேண்டுமென்றால் ‘யெஸ்டர்டே’ போக வேண்டும். ‘திஸ் மார்னிங்’ போன்ற தொடர்கள் நடுவில் நிற்பவை: காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் கால்ட் ஹிம் திஸ் மார்னிங்’ என்று சொல்லலாம், மாலை நான்கு மணிக்குக் காலை என்பது முடிந்த கதை என்பதால் ‘ஐ கால்ட்’ என்பதே சரி. சொல் அதுவே, கடிகாரம்தான் வேறு.

செய்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் ஆங்கிலம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ‘காந்தி மதுரைக்குப் பல முறை வந்திருக்கிறார்’ என்று இன்றைக்கும் மதுரைக்காரர் பெருமையாகச் சொல்வார். தமிழில் ஒரு குறையும் இல்லை. ‘காந்தி ஹேஸ் விசிட்டட் மதுரை மெனி டைம்ஸ்’ என்று எழுதினாலோ, அவர் இன்னும் வாழ்கிறார், மறுபடியும் வரக்கூடும் என்ற தொனி வந்து ஆங்கில வாசகர் புருவத்தை உயர்த்துவார். ‘காந்தி விசிட்டட் மதுரை மெனி டைம்ஸ்’ என்பதே வேண்டும். அவர் அரையாடைக்கு மாறிய 1921 செப்டம்பர் வருகையைக் குறிப்பிட்டு எழுதினால் ஆண்டும் சேர்ந்துகொள்வதால் ‘ஹேஸ்’ இரட்டிப்பாகத் தவறாகும்.

‘டெல்லிக்குப் போயிருக்கிறார்’ என்ற தொடரைப் பாருங்கள். ‘அப்பா எங்கே?’ என்ற கேள்விக்கு விடையாக வந்தால் அவர் இப்போது ஊரில் இல்லை. ‘அவர் டெல்லி பார்த்ததுண்டா?’ என்ற கேள்விக்கு விடையாக வந்தால் அவர் போய்த் திரும்பிவந்தவர். தமிழ் இரண்டுக்கும் ஒரே உடையை மாட்டுகிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘ஹி ஹேஸ் கான் டு டெல்லி’, இரண்டாவதற்கு ‘ஹி ஹேஸ் பீன் டு டெல்லி’. எதிரிலேயே அமர்ந்திருப்பவர் ‘ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர்’ என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்; இங்கே இருக்கிறவர் எப்படிச் சிங்கப்பூர் போயிருக்க முடியும்?

இவற்றைக் காட்டிலும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இலக்கண வகுப்புகளில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழின் ‘இருக்கிறது’ அனுமானத்தையும் சுமக்கிறது. காலையில் முற்றம் நனைந்திருப்பதைப் பார்த்து, ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்தோம் என்ற செய்தி அதில் அடங்கியிருக்கிறது. ‘ராத்திரி மழை பெய்தது’ என்றால் பார்த்தவர் பேச்சு. இதை ஆங்கிலமாக்கும்போது, முடிந்த இரவைக் குறிப்பதால் ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ கூடாது. ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்றால் அனுமானம் காணாமல் போகிறது. பொருந்துவது ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்ற, அட்டவணையில் இடமே இல்லாத வடிவம். மழையில் இது சின்ன விஷயம். ‘பணத்தை அவர் நேற்றே எடுத்திருக்கிறார்’ என்று கணக்கரின் குறிப்பில் இருப்பதை ‘ஹி டுக் தி மனி யெஸ்டர்டே’ என்று மொழிபெயர்த்தால், தடயத்தைக் கொண்டு ஊகித்ததை நேரில் கண்ட சாட்சியாக மாற்றிவிட்டோம். அங்கே ‘இட் அப்பியர்ஸ் ஹி டுக்’ என்றோ ‘ஹி மஸ்ட் ஹேவ் டேக்கன்’ என்றோ எழுதுவதே நேர்மை.

செய்தி எழுதுவோரின் வழக்கம் ஒன்று இந்த இரு வடிவங்களின் வேறுபாட்டை அழகாகக் காட்டும். முதல் வரியில் ‘தி கவர்ன்மென்ட் ஹேஸ் அனௌன்ஸ்ட்’ என்று புதிய செய்தியை நிகழ்காலத்தோடு கட்டிவைப்பார்கள். அடுத்த வரியிலிருந்து யார், எங்கே, எத்தனை மணிக்கு என்ற விவரங்கள் சிம்பிள் பாஸ்டுக்கு மாறிவிடும். ‘ஹேவ்’ வைத்துத் தொடங்கியதால் கடைசிவரை ‘ஹேவ்’ போட்டுக்கொண்டே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படிப் போவதுதான் பிழை.

பாஸ்ட் பர்ஃபெக்ட்: ‘ஐ ஹேட் கான்’

மூன்றில் இதுவே அதிகம் வீணடிக்கப்படுவது. ‘நேற்று கோயிலுக்குப் போயிருந்தேன்’ என்கிறோம். போனேன், அங்கே சற்றுநேரம் இருந்தேன், திரும்பியும் வந்துவிட்டேன் என்பதெல்லாம் அந்த ‘இருந்தேன்’ என்பதில் அடங்கிவிடும்; அதற்குப் பின் வேறு நிகழ்ச்சி எதையும் தமிழ் கேட்பதில்லை. இதை ‘ஐ ஹேட் கான் டு தி டெம்பிள் யெஸ்டர்டே’ என்று மாற்றினால், ஆங்கில வாசகர் அடுத்த வரிக்காகக் காத்திருப்பார். கோயிலுக்குப் போனபிறகு என்ன ஆயிற்று? வீட்டில் திருடன் புகுந்தானா? ஒன்றும் ஆகவில்லை என்றால் ‘ஐ வென்ட் டு தி டெம்பிள் யெஸ்டர்டே’ என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். பழைய செயல் என்பதற்காக ‘ஹேட்’ வருவதில்லை. பழைய செயல் ஒன்றுக்கும் முந்தியது என்பதற்காகவே வருகிறது. நூறு ஆண்டுக்கு முன் நடந்ததற்கும் சிம்பிள் பாஸ்ட் போதும்.

இது இன்றியமையாததாகும் இடமும் உண்டு. ‘வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் லெஃப்ட்’ என்றால் நாங்கள் போய்ச் சேர்ந்ததும் ரயில் புறப்பட்டது; ஓடிப்போய் ஏறியிருக்கவும் கூடும். ‘தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால் நாங்கள் போவதற்கு முன்பே போய்விட்டது. பயணச்சீட்டுப் பணம் போனது போனதுதான். ஒரு சின்ன ‘ஹேட்’ முழு நிகழ்ச்சியையும் மாற்றுகிறது. ஆனால் ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போன்ற சொற்கள் எது முன், எது பின் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டால் ‘ஹேட்’ கட்டாயமில்லை.

நிபந்தனை வாக்கியத்தில் மட்டும் தமிழும் ஆங்கிலமும் தோளோடு தோள் சேர்ந்து நடக்கின்றன. ‘தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்’ என்பது ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ’ என்பதோடு ஏறத்தாழ உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. இங்கே தமிழ்ச் செவியை நம்பலாம்.

பிரசென்ட் பர்ஃபெக்ட் கன்டினியுவஸ்: ‘ஐ ஹேவ் பீன் கோயிங்’

நான்காவது கேள்வி இதற்காகத்தான். ‘பத்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தை வைக்கிறது. அதைப் பின்பற்றி ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதுகிறோம். ஒரே வரியில் இரண்டு பிழைகள். அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதால் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். கால அளவுக்கு ‘ஃபார் டென் இயர்ஸ்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ் 2015’. ‘ஆக’ என்பதற்கு ‘ஃபார்’, ‘இலிருந்து’, ‘முதல்’ என்பவற்றுக்கு ‘சின்ஸ்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

அறிதல், நம்புதல், உடைமையாக வைத்திருத்தல் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளுக்கு இந்த ‘இங்’ ஒட்டாது. ‘அவரைப் பத்து வருடமாகத் தெரியும்’ என்பது ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’.

ஒரே பார்வையில்

| சொல்ல வருவது | பொருந்துவது | தவறினால் ஆகும் செலவு |
|---|---|---|
| நேற்றே கட்டியிருக்கிறேன் | ஐ பெய்ட் யெஸ்டர்டே | பொருள் கெடாது. எழுத்தின் தரம் குறையும் |
| ஐந்து ஆண்டாக இங்கே இருக்கிறேன் | ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ் | ‘வாஸ்’ போட்டால் போய்விட்டதாகப் பொருள்படும் |
| டெல்லிக்குப் போயிருக்கிறேன் (போய்வந்தவர்) | ஐ ஹேவ் பீன் டு டெல்லி | ‘கான்’ போட்டால் நகைப்பு |
| நேற்று போயிருந்தேன் | ஐ வென்ட் யெஸ்டர்டே | ‘ஹேட்’ போட்டால் வாசகர் மீதிக் கதையைத் தேடுவார் |
| ராத்திரி பெய்திருக்கிறது (ஊகம்) | இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட் | ஊகம் சாட்சியமாகிவிடும் |

அட்டவணைக்கு வெளியே ஒன்று

வாசலில் நண்பர் காத்திருக்க, உள்ளே சட்டை மாட்டிக்கொண்டே ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுக்கிறோம். இன்னும் வரவில்லை, ஆனாலும் இறந்தகாலம். விரைவைக் காட்ட இப்படிக் காலம் மாறி வருவதைத் தொல்காப்பியமும் நன்னூலும் வழுவாகத் தள்ளாமல் விதியாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. ‘ஐ ஹேவ் கம்’ என்று உள்ளிருந்து கத்தினால் வெளியே நிற்பவர் திரும்பிப் பார்த்து ஏமாறுவார். ‘ஐ ஆம் கமிங்’ என்பதே அங்கே வழக்கு. தமிழ் முடிந்ததாகச் சொல்வதை ஆங்கிலம் நடந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறது.

அந்த மின்னஞ்சல்

தொடக்கத்தில் நின்றுபோன வரிக்கு வருவோம். ‘போன திங்கட்கிழமை’ என்ற பூட்டிய கதவு இருப்பதால் முதல் பாதி ‘ஐ சென்ட் தி அப்ளிகேஷன் லாஸ்ட் மண்டே’. ‘இன்னும் பதில் வரவில்லை’ என்பதில் கதவு திறந்தே இருக்கிறது. பதில் இன்று மாலைகூட வரலாம். ஆகவே இரண்டாம் பாதி ‘பட் ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் எ ரிப்ளை யெட்’. ஒரே மூச்சில் எழுதும் இரண்டு பாதிகளுக்கு இரண்டு வெவ்வேறு வடிவங்கள் வருவதைக் கண்டு தயங்க வேண்டாம். இடையில் அந்த அலுவலகத்திலிருந்து விண்ணப்பம் கேட்டு ஒரு நினைவூட்டல் புதன்கிழமை வந்திருந்தால் மட்டுமே மூன்றாவது வடிவத்துக்கு வேலை: ‘வென் யுவர் ரிமைண்டர் கேம் ஆன் வென்ஸ்டே, ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் தி அப்ளிகேஷன்’.